முதலில் கல், பிறகு மீன்: ம்புனா தொட்டியைத் திட்டமிடுதல்

மலாவி ஏரியின் பாறைக் கரைகளில் வாழும் சிறு சிக்லிட் மீன்களை ம்புனா என்கிறார்கள். பெரும்பாலானவை 8 முதல் 12 சென்டிமீட்டர் வரைதான் வளரும். கடல்மீனுக்கே உரிய நீலமும் மஞ்சளும் நன்னீர் மீனில் கிடைப்பதால் ஆசையோடு வாங்குகிறார்கள். சில மாதங்களில் செதில் உதிர்ந்து, வால் கிழிந்து, ஒவ்வொன்றாகச் சாகத் தொடங்கியதும் ‘சண்டைக்கார மீன், வீட்டுக்கு ஆகாது’ என்று கைவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பு அவசரத் தீர்ப்பு. ம்புனா போடும் சண்டையில் பெரும்பகுதி இடத்துக்கான வழக்கு. வரப்பு இல்லாத நிலத்தில் அந்த வழக்கு ஓயாது. ஆகவே தொட்டி வைப்பவர் எடுக்க வேண்டிய முடிவுகளில் மீனின் இனம் முதலில் வராது, எண்ணிக்கையும் முதலில் வராது. தரைப்பரப்பும் கல்லடுக்கும்தான் முதலில். மற்ற முடிவுகள் அனைத்தும் அதிலிருந்து பிறக்கின்றன என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம்.

இதற்கான ஆதாரத்தை ஏரியிலிருந்தே தொடங்கலாம். மலாவி, மொசாம்பிக், தான்சானியா ஆகிய மூன்று நாடுகளுக்கு நடுவே சுமார் 580 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் இந்த ஏரி சுமார் 700 மீட்டர் ஆழமானது. ஆனால் ஏறத்தாழ 250 மீட்டருக்குக் கீழே ஆக்சிஜன் இல்லை. மீன் வாழ்க்கை முழுவதும் மேலடுக்கில்தான். அந்த மேலடுக்கிலும் ம்புனாவுக்கு உரியது பாறை கிடக்கும் கரையோரம் மட்டுமே. ஆப்பிரிக்க ஏரிகளின் மீனியலில் முக்கியமான பெயரான ஜெஃப்ரி ஃப்ரையர், இந்த ஏரியின் கரையோர மீன்கள் எதைத் தின்கின்றன, எங்கே வாழ்கின்றன என்று விரிவாக ஆராய்ந்து 1959-ல் வெளியிட்டார். பாறைமேல் படரும் பாசிப்படலமும் அதற்குள் ஒளிந்திருக்கும் நுண்ணுயிர்களுமே பல ம்புனா இனங்களுக்கு முக்கிய உணவு. ரிப்பிங்க் குழுவினர் 1983-ல் வெளியிட்ட கள ஆய்வு, பாறைத் திட்டுக்குத் திட்டு வேறு வேறு இனங்களும் நிற வகைகளும் இருப்பதைப் பட்டியலிட்டது. காரணம் எளிது: பாறைக்குப் பழகிய மீன் திறந்த மணல்வெளியைக் கடந்து அடுத்த திட்டுக்குப் போகத் துணிவதில்லை. உணவு, ஒளிவிடம், இணை சேரும் இடம் ஆகிய மூன்றும் ஒரே பாறையில் இருக்கும்போது அந்தப் பாறைதான் மீனுக்குச் சொத்து. ஆண் மீன் காவல் காக்கும் பகுதிக்குள் பாசி வெளியே இருப்பதைவிட அடர்த்தியாக வளர்வதும் உண்டு, ஏனென்றால் மற்ற மேய்ச்சல்காரர்கள் அங்கே நெருங்க முடிவதில்லை. காவலுக்குக் கூலி கையோடு கிடைக்கிறது.

இதே மீனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் கொண்டுவரும்போது ஒன்று மட்டும் மாறுகிறது. ஏரியில் தோற்ற மீன் எல்லையைத் தாண்டி ஓடிவிடும். துரத்தியது திரும்பிப் போய்விடும். சண்டை சில நொடிகளில் தீரும். தொட்டியில் தோற்ற மீன் எவ்வளவு ஓடினாலும் வென்ற மீனின் எல்லைக்குள்ளேயே இருக்கிறது. ஓடியும் போகாத எதிரியாகவே அது வென்ற மீனுக்குத் தெரிகிறது, அதனால் அடி நிற்பதில்லை. ஆகவே தொட்டி வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ‘எத்தனை லிட்டர்?’ என்பதைவிட ‘தரை எத்தனை சதுர அடி?’ என்பதே. நம் கடைகளில் அதிகம் விற்கும் 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டிக்கு 2 சதுர அடித் தரையும் 57 லிட்டர் கொள்ளளவும் உண்டு. ஓர் ஆண் ம்புனா அதை முழுவதுமாகத் தனதாக்கிக்கொள்ளும். மற்ற மீன்களுக்கு மிச்சம் எதுவும் இல்லை. 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டிக்கு 6 சதுர அடித் தரையும் சுமார் 255 லிட்டரும் கிடைக்கின்றன. ஒன்றுக்கு மேற்பட்ட எல்லைகள் அமைய இதையே குறைந்தபட்சமாகக் கொள்ளுங்கள். அதே 4 அடித் தொட்டியை இரண்டடி உயரமாகச் செய்தால் தண்ணீர் கூடும், தரை கூடாது. கூடிய உயரத்தைப் பயனுள்ள இடமாக மாற்ற ஒரே வழி, கல்லை மேலே அடுக்குவதுதான்.

கல்லடுக்கு அழகுப் பொருளாக நினைக்கப்படுவதால்தான் பெரும்பாலான தொட்டிகளில் போதாமல் போகிறது. நான்கு கல்லை மூலையில் வைத்தால் நான்கு மீன்களுக்கு நடுவே ஒரு சொத்துதான் உருவாகும். 4 அடித் தொட்டிக்கு 40 முதல் 50 கிலோ கல் வேண்டும். பின்சுவரை ஒட்டி ஒரே மதிலாக எழுப்பாமல் இரண்டு அல்லது மூன்று தனிக் குவியல்களாக அடுக்கி, இடையில் ஓரடி அளவுக்கு வெறும் மணல் விடுங்கள். மணலைக் கடக்கத் தயங்கும் பழக்கம் இங்கே நமக்கு உதவுகிறது: மணல் இடைவெளிதான் எல்லைக்கோடு. ஒரு குவியலில் இருக்கும் மீனுக்கு அடுத்த குவியலின் உள்பக்கம் கண்ணில் படாதபடி அடுக்கினால், பார்வையில் படாத எதிரியைத் துரத்த வேண்டிய அவசியமும் குறையும். பொந்துகளுக்கு இரண்டு பக்கமும் வாய் இருக்க வேண்டும். ஒரே வாசல் உள்ள பொந்து தோற்ற மீனுக்குப் பொறியாகிவிடும். பெரிய ஆண் நுழைய முடியாத, பெண்ணும் குஞ்சும் மட்டும் நுழையக்கூடிய சிறு சந்துகள் சிலவற்றையும் விட்டுவையுங்கள்.

கல் வகை பெரிய சிக்கல் இல்லை. ஏரியின் பாறைகளில் பல கிரானைட் வகையைச் சேர்ந்தவை. தமிழ்நாட்டில் கருங்கல்லுக்குப் பஞ்சமும் இல்லை. சுண்ணாம்புக் கல்லாக இருந்தாலும் கெடுதல் இல்லை, தண்ணீரின் காரத்தன்மையை அது தாங்கிப் பிடிக்கும். கவனம் தேவைப்படுவது பாதுகாப்பில். ம்புனா மணலைத் தோண்டும் மீன். மணல்மேல் வைத்த கல் ஒரு நாள் சரிந்து கண்ணாடியை உடைக்கலாம். எனவே தொட்டியின் அடியில் மெல்லிய பிளாஸ்டிக் வலையோ ஃபோம் தாளோ விரித்து, அடிக்கல்லை நேரடியாக அதன்மேல் நிறுத்தி, அசையாமல் உட்கார்ந்த பிறகே மணலைக் கொட்டுங்கள். தண்ணீர், கல், கண்ணாடி, ஸ்டாண்ட் எல்லாம் சேர்ந்தால் எடை 350 கிலோவுக்குக் குறையாது. மர மேசையிலோ பழைய அலமாரியிலோ வைக்கும் பேச்சுக்கே இடமில்லை. இரும்பு ஸ்டாண்ட், அதன்மேல் பலகை, பலகைமேல் தெர்மாகோல், பிறகு தொட்டி.

இவ்வளவு கல் வைத்தால் நீந்த இடமே இருக்காது, அழுக்கும் சேரும் என்ற மறுப்பு நியாயமானது. அதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். கருங்கல்லின் அடர்த்தி தண்ணீரைப் போல ஏறத்தாழ 2.7 மடங்கு. 50 கிலோ கல் பிடிக்கும் இடம் சுமார் 18 லிட்டர், அதாவது 255 லிட்டரில் 7 சதவீதம். இழப்பது அந்த அளவு தண்ணீர். பெறுவது பல மடங்கு மேற்பரப்பும் ஒளிவிடமும். அழுக்கு சேர்வது உண்மைதான். அதற்குத் தீர்வு கல்லைக் குறைப்பதில் இல்லை, நீரோட்டத்தைக் கூட்டுவதில் இருக்கிறது. ஃபில்டரின் வெளிநீரை ஒரு பக்கமிருந்து பாயவிட்டு, ஒரு சிறு வேவ்மேக்கரைக் குவியல்களுக்குப் பின்னால் வைத்தால் கழிவு முன்பக்கத்து வெறும் மணலுக்கு வந்து சேரும். அங்கிருந்து குழாயால் உறிஞ்சி எடுப்பது எளிது.

இடம் முடிவான பிறகே இனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கும் அளவுகோல் அழகு அல்ல, சாயல். ஆண் ம்புனா தன்னைப் போன்ற நிறமுள்ள ஆணையே அதிகமாகத் தாக்குகிறது என்பதை மைக்கேல் பவர்ஸ் குழுவினர் மலாவி சிக்லிட்களை வைத்து 2008-ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. இணைக்கும் இடத்துக்கும் போட்டியாக வரக்கூடியது தன் இனமே என்பதால், அந்த இனத்தின் நிறம்தான் அபாய அறிவிப்பாகிறது. டெமசோனி எட்டு சென்டிமீட்டர்கூடத் தாண்டாத மீனாக இருந்தும் பெரும் கொடுமைக்காரன் என்று பெயர் வாங்கியது ஏன் என்பதும் இதனால் விளங்கும்: அதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நீலம், ஒரே கருவரி. தொட்டியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் எதிரியின் சாயலே தெரிகிறது. மாறாக சவுலோசி இனத்தில் பெண்களும் குஞ்சுகளும் மஞ்சள். இடம் பிடித்த ஆண் மட்டுமே கருவரியுள்ள நீலம். ஒரே இனத்தை வைத்தே இரு நிறம் கிடைக்கிறது. ஒரே இனம் என்றால் தொட்டி சலிப்பாக இருக்கும் என்பவர்களுக்கு அதுவே பதில். சிசுமுலு தீவருகே உள்ள தைவான் ரீஃப் என்ற சிறு பாறைத்திட்டுதான் சவுலோசியின் சொந்த ஊர். அலங்கார மீன் வியாபாரத்துக்காகப் பிடித்ததில் அங்கே அதன் எண்ணிக்கை வெகுவாகச் சரிந்தது. எனவே பண்ணையில் பிறந்த குஞ்சுகளை மட்டுமே வாங்குங்கள்.

இந்தச் சாயல் விதியை வைத்துப் பார்த்தால் பல பிரபலமான சேர்க்கைகள் தவறு என்று தெரியும். எலெக்ட்ரிக் யெல்லோ என்று விற்கப்படும் மஞ்சள் லேபிடோக்ரோமிஸ் சாதுவான மீன்தான். ஆனால் மஞ்சள் நிறச் சவுலோசிப் பெண்களோடு சேர்த்தால் குழப்பம் வரும். அதே மீனை ரெட் சீப்ராவோடு வைத்தால் கலப்பினக் குஞ்சுகள் பிறக்கும். 4 அடித் தொட்டிக்குச் சவுலோசியும், பழுப்பு கலந்த ஊதா நிறத்தில் இருக்கும் ரஸ்டியும் நல்ல சோடி. யெல்லோவும் ரஸ்டியும் இன்னொன்று. அவுராட்டஸ், கென்யி இரண்டையும் இந்த அளவுத் தொட்டியில் தவிர்க்கவும். கென்யி கடையில் இளநீலமாக இருக்கும். ஆண்கள் வளர்ந்ததும் மஞ்சளாகி, அளவிலும் மூர்க்கத்திலும் மற்றவற்றை மிஞ்சிவிடும். ‘மிக்ஸ்டு ஆப்பிரிக்கன்’ என்று கலந்து விற்கும் குஞ்சுகள் மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் எது எந்த இனம், எது கலப்பு, எது நாளை எவ்வளவு பெரிதாகும் என்று தெரியாமல் எல்லை வகுக்க முடியாது.

ஆண் பெண் விகிதமும் இட வழக்கின் இன்னொரு முகம்தான். ம்புனாவில் பெண் மீன் முட்டையை வாயில் எடுத்து, பெரும்பாலும் இரை எடுக்காமல், சுமார் மூன்று வாரம் அடைகாக்கும். அந்தக் காலத்தில் அதற்கு வேண்டியது மறைவு. ஓர் ஆணுக்கு ஒரு பெண் என்று ஜோடியாக வைத்தால், இணைசேர அழைக்கும் ஆணின் முழுக் கவனமும் ஒரே பெண்மேல் விழுந்து அதைக் களைப்பாக்கிக் கொன்றுவிடும். ஓர் ஆணுக்கு மூன்று, நான்கு பெண்கள் இருந்தால் அந்தக் கவனம் பகிரப்படும். குஞ்சுப் பருவத்தில் ஆண் பெண் தெரியாது என்பதால் இனத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வாங்கி, வளர்ந்து நிறம் காட்டத் தொடங்கியதும் மிகுதியான ஆண்களை வெளியேற்றுவதே நடைமுறை. மேலே சொன்ன தொட்டியில் மூன்று குவியல் என்றால் இரண்டு அல்லது மூன்று ஆண் சவுலோசி, எட்டு ஒன்பது பெண். அதோடு ஆறு ஏழு ரஸ்டி. மொத்தம் இருபதுக்குள் நிறுத்திக்கொள்ளலாம்.

இங்கேதான் வலுவான மறுப்பு வருகிறது. ம்புனா வளர்ப்போர் பலர் கல்லைவிட நெரிசலை நம்புகிறார்கள்: மீன்களை நெருக்கிப் போட்டால் எந்த ஆணாலும் ஓர் இடத்தைப் பிடித்து வைக்க முடியாது, அடியும் பலருக்குப் பிரிந்து போகும் என்பது அவர்கள் வாதம். இதில் உண்மை இருக்கிறது. காவலின் செலவு வரவைத் தாண்டும்போது விலங்குகள் காவலைக் கைவிடும். ஆனால் நெரிசலை முதல் மருந்தாகக் கொள்ள இரண்டு தடைகள் உண்டு. ஒன்று, சான்று அவ்வளவு தெளிவாக இல்லை. மத்திய அமெரிக்கச் சிக்லிட்டான மிடாஸ் மீனின் குஞ்சுகளை வைத்து ரொனால்ட் ஓல்ட்ஃபீல்ட் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், குழுவின் எண்ணிக்கையையோ இடத்தையோ சிறிதளவு மாற்றியதில் மூர்க்கம் குறையவில்லை. மிகப் பெரிய, ஒளிவிடங்கள் நிறைந்த தொட்டியில்தான் குறைந்தது. மிடாஸ் வேறு, ம்புனா வேறு என்று சொல்லலாம், சரிதான். ஆனாலும் அமைப்பு மாறாமல் எண்ணிக்கையை மட்டும் மாற்றுவது போதும் என்று நம்புவதற்கு அது இடம் தரவில்லை.

இரண்டாவது தடை வேதியியல். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா எல்லாம் ஒரே அளவு நஞ்சல்ல. அயனியாகாத பகுதிதான் செவுளைத் தாக்கும். 25 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 ஆக இருந்தால் அந்தப் பகுதி சுமார் அரை சதவீதம்; 8 ஆனால் 5 சதவீதம்; 8.5 ஆனால் ஏறத்தாழ 15 சதவீதம். ம்புனாவுக்கு ஏற்ற தண்ணீர் 7.8-க்கும் 8.5-க்கும் இடைப்பட்டது. அதாவது கோல்டுஃபிஷ் தொட்டியில் தப்பித்துப்போகும் ஒரு கவனக்குறைவு இங்கே மீனைக் கொல்லும். நெரிசலுக்கு விலை ஃபில்டரிலும் தண்ணீர் மாற்றுவதிலும் கட்டப்படுகிறது. மின்சாரம் நின்ற ஓர் இரவில் மொத்தமாகவும் வசூலிக்கப்படலாம். எனவே கல்லும் இனமும் விகிதமும் சரியான பிறகு, மிச்சமிருக்கும் மூர்க்கத்தைத் தணிக்க இரண்டு மூன்று மீன் கூட்டுவது ஏற்கத்தக்கது. அடிப்படையைச் சரிசெய்யாமல் எண்ணிக்கையைக் கூட்டுவது கடனை அடைக்கக் கடன் வாங்குவதுதான்.

மீன் விடுவதற்கு முன் ஃபில்டரில் பாக்டீரியா வளர நான்கு முதல் ஆறு வாரம் கொடுங்கள். மணிக்கு 1500 லிட்டருக்குக் குறையாமல் தள்ளும் ஃபில்டரும், வாரம் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுவதும் இருபது மீனுக்குப் போதும். தமிழ்நாட்டில் பல ஊர்களின் போர்வெல் தண்ணீர் இயல்பாகவே கடினமாகவும் காரமாகவும் இருப்பது ம்புனா வளர்ப்பவருக்கு வரம். டெஸ்ட் கிட் வாங்கி ஒருமுறை அளந்து உறுதிசெய்யுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் ஆன்டி-குளோரின் கட்டாயம். சுத்தமானது என்று நினைத்து ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றுவது தவறு: அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியாவே கார்பனேட்டைச் செலவழிக்கும், ஆர்.ஓ. நீரில் செலவழிக்க எதுவும் இல்லாததால் பி.எச். சரிந்துவிடும். தேவைப்பட்டால் 100 லிட்டருக்கு 6 கிராம் ஆப்ப சோடா சேர்த்தால் கார்பனேட் கடினத்தன்மை சுமார் 2 டிகிரி உயரும். கரைத்து மெதுவாக ஊற்ற வேண்டும். ஆப்பிரிக்க மீனுக்குக் கல்லுப்பு போட வேண்டும் என்ற அறிவுரை பரவலானது, ஆனால் பொருந்தாது. மலாவி உப்பு ஏரி இல்லை. கல்லுப்பு கார்பனேட்டையும் தராது. ஏரியின் மேல்நீர் 24 முதல் 29 டிகிரி வரை இருக்கும் என்பதால் சமவெளி ஊர்களில் ஹீட்டருக்கு வேலை குறைவு. கோடைதான் சோதனை: 25 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் தாங்கும், 30 டிகிரியில் 7.5 மட்டுமே. ஏர் பம்பைக் கூட்டி, நீர்ப்பரப்பின்மேல் மின்விசிறி வீசச் செய்யுங்கள்.

உணவில் சொல்ல வேண்டியது சுருக்கமானது. பாசி மேயும் மீனுக்கு நீண்ட குடல்; ஸ்பைருலினா கலந்த பெல்லட் போதும். டியூபிஃபெக்ஸ் புழுவும் மாட்டு இதயமும் வேண்டாம். வயிறு உப்பி, இரை மறுத்து, வெண்ணிற நூல்போலக் கழிவு போகும் நோய்க்கு இத்தகைய உணவும் மன அழுத்தமும் சேர்ந்தே வழிவிடுவதாகக் கருதப்படுகிறது. நாளுக்கு இரண்டு வேளை, ஒரு நிமிடத்தில் தீரும் அளவு. உணவை ஒரே மூலையில் போடாமல் நீளம் முழுக்கத் தூவினால் ஒரே ஆண் அதையும் சொத்தாக்கிக்கொள்ள முடியாது.

பின்னர் புதிய மீன் சேர்க்க நேர்ந்தால், விடுவதற்கு முன் கல்லடுக்கைக் கலைத்து வேறு விதமாக அடுக்குங்கள். பழைய எல்லைகள் அழிந்து எல்லா மீனும் ஒரே நாளில் புதிதாகத் தொடங்கும். அடிக்கடி செய்தால் இதுவே தொல்லையாகும். நிலைத்த எல்லைதான் அமைதியின் அடிப்படை. முழு அமைதியையும் எதிர்பார்க்க வேண்டாம். துடுப்பை விரித்து மிரட்டுவதும், ஓரடி துரத்தித் திரும்புவதும் இந்த மீனின் அன்றாடம். கவலைப்பட வேண்டியது வேறு அடையாளத்துக்கு: நீர்ப்பரப்பின் மூலையிலோ ஃபில்டர் குழாயின் பின்னாலோ துடுப்பை ஒடுக்கிக்கொண்டு நாள் முழுக்க நிற்கும் மீன். அதற்குத் தொட்டியில் இடம் கிடைக்கவில்லை என்று பொருள். வாரம் ஒருமுறை, இரை போடுவதற்கு முன், அப்படி நிற்கும் மீன்களை எண்ணுங்கள். ஒன்று இருந்தால் முதலில் கல்லைச் சரிபாருங்கள், அடுத்து ஆண்களின் எண்ணிக்கையை. இரண்டு வாரத்தில் மாறவில்லை என்றால் அந்த மீனை வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். அந்த எண் தொடர்ந்து ஒரு மாதம் சுழியமாக இருக்கும்வரை புது மீன் எதையும் வாங்க வேண்டாம்.